சிறு கருவியும் பெருங் காவலும்

நம் முன்னோர் தம் வளவைச் சுற்றி வேலியடைத்து, தெருப் பக்கத்திலே படலை வைத்து, இரவிலே அதனைப் பூட்டிவிட்டே படுக்கைக்குச் சென்றனர். ஆயினும், அயல்வீட்டார் நல்ல தண்ணீர் அள்ளுதற்கும், அவசரத்துக்கு ஒரு பொருளைக் கைமாற்றாகப் பெறுதற்கும் வந்து போகும் பொருட்டு, பக்கத்து வேலியிலே பொட்டு ஒன்றும் விட்டிருந்தனர். படலையைப் பூட்ட மறவாதவர் பொட்டினை மறந்துவிடுதல் உண்டு. அதனை விட்டவர் தீய நோக்கத்தோடு விட்டாரல்லர். வசதி கருதியே விட்டார். எனினும், கள்வன் வருங்கால், அப்பொட்டு யார் பொருட்டு விடப்பட்டதென்று ஆராய்ந்து வருவானல்லன்.

இற்றை நாளிலே நம் மேசைமீது இருக்கும் கணினிக்கும் இவ்வுவமை பெரிதும் பொருந்தும். வெளியிலிருந்து வரும் தீங்கினைத் தடுத்தற்கெனக் காவல்கள் பல அமைத்துள்ளோம். கடவுச்சொல் வைக்கின்றோம், நச்சுநிரல் தடுக்கும் மென்பொருளை நிறுவுகின்றோம். ஆனால், சுட்டியின் பொத்தான் ஒன்றினை மாற்றியமைக்கும் பொருட்டு நாமே நிறுவிய சிறியதொரு மென்பொருள், உள்ளிருந்தே ஒரு பொட்டினைத் திறந்துவிடுமாயின், அக்காவல்களாற் பயன் யாது? இது கற்பனையன்று. 2018 ஆம் ஆண்டிலே உலகறிய நிகழ்ந்ததொன்றாகும். அந்நிகழ்ச்சியை ஒரு பாடமாகக் கொண்டு, அத்தகைய குறைபாடு எவ்வாறு தோன்றுகின்றது, அதனைக் கண்டவரும், ஆக்கியவரும், பயன்படுத்துவோரும் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புறச்சாதனமும் அதன் மென்பொருளும்

கணினியின் உடலுக்கு வெளியே இருந்து அதனோடு இணைந்து தொழில்புரியும் கருவிகளைப் புறச்சாதனங்கள் என்கின்றோம். சுட்டி, விசைப்பலகை, ஒலிவாங்கி, படப்பிடிப்பு விழி, அச்சுப்பொறி முதலாயின அவ்வினத்தைச் சேர்ந்தன. இவற்றுள் சுட்டியும் விசைப்பலகையும் ஒரு தனிச் சிறப்புடையன. எந்த நிறுவனம் ஆக்கியதாயினும், யூ.எஸ்.பி. வழியாக இணைத்த மாத்திரத்தே அவை தொழிற்படும். மனிதன் கையாளும் இத்தகைய கருவிகள் கணினியோடு பேசுதற்கென ஒரு பொது மொழி வகுக்கப்பட்டிருக்கின்றது. விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமைகள் யாவும் அம்மொழியை அறியும். ஆதலின், சாதாரண எழுத்துவேலைக்குச் சுட்டியை ஆக்கிய நிறுவனத்தின் மென்பொருள் வேண்டப்படுவதன்று. இவ்வுண்மையை வாசகர் மனத்திருத்துதல் நன்று. பின்னர் இது நமக்குப் பயன்படும்.

அங்ஙனமாயின், அம்மென்பொருள் எதற்காக? சுட்டியின் பக்கப் பொத்தானுக்குப் புதிய தொழில் கொடுத்தற்கும், குறியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தற்கும், விசைகளுக்குக் கீழே வண்ண விளக்கேற்றுதற்கும், ஒரு விசையை அழுத்தினால் பல விசைகளை அழுத்திய பயன் விளையுமாறு செய்தற்கும் அது உதவுகின்றது. இவ்வசதிகளை எந்நேரமும் அளித்தல் வேண்டுமாதலின், கணினியை இயக்கிய உடனே அதுவும் விழித்துக்கொள்கின்றது. திரையிலே தோன்றாது பின்னணியில் ஓயாது நிற்கின்றது. மேலும், விசையை அழுத்தாமலே அழுத்தியதுபோலக் காட்டும் வல்லமையும் அதற்கு உண்டு.

இவ்விறுதி வல்லமையை நன்கு சிந்தித்தல் வேண்டும். கணினியைப் பொறுத்தவரையில் விசைப்பலகையிலிருந்து வரும் எழுத்து உரிமையாளனின் வாய்ச்சொல்லாகும். ஒரு கோப்பை அழிக்க என்றாலும், ஒரு நிரலை இயக்குக என்றாலும், வேறோரிடத்துக்கு ஒரு கடிதத்தை அனுப்புக என்றாலும், அதனைக் கூறியவன் உரிமையாளனே என்று கணினி கொள்ளும். எனவே, விசைகளைப் பொய்யாக அழுத்தும் வல்லமையைப் பிறனொருவன் பெறுவானாயின், அவன் உரிமையாளனின் குரலையே பெற்றவனாகின்றான். சிறு கருவியின் மென்பொருளுக்குப் பெருங் காவல் வேண்டுமென்பது இதனாலேயே.

2018 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி

லொஜிடெக் என்பது சுட்டியும் விசைப்பலகையும் ஆக்குவதிற் பெயர்பெற்ற நிறுவனம். அதன் புறச்சாதனங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளுக்கு லொஜிடெக் ஒப்ஷன்ஸ் என்று பெயர். கூகிள் நிறுவனத்தார் 2014 ஆம் ஆண்டிலே புரொஜெக்ட் சீரோ என்னும் ஆய்வுக் குழுவொன்றை அமைத்தனர். பிறர் ஆக்கிய மென்பொருள்களிலும் தம்முடையவற்றிலும் மறைந்துள்ள பாதுகாப்புக் குறைபாடுகளைத் தேடிக் கண்டு, ஆக்கியோர்க்கு அறிவித்தலே அக்குழுவின் தொழில். அக்குழுவைச் சேர்ந்த டாவிஸ் ஓர்மண்டி என்பவர், தம் சுட்டியின் பொத்தான் ஒன்றினை மாற்றியமைக்க விரும்பி லொஜிடெக் ஒப்ஷன்ஸ் மென்பொருளை நிறுவினார். ஒரு பொத்தானை மாற்றுதற்கு வந்த அம்மென்பொருளின் அளவோ 149 மெகாபைட். இவ்வளவு பெரிய பொதியிலே என்ன இருக்கின்றதென்று அவர் ஆராயத் தலைப்பட்டார்.

ஆராய்ந்தபோது, அம்மென்பொருள் கணினியினுள்ளே ஒரு சிறு சேவையகத்தை நடத்துவது தெரியவந்தது. லொஜிடெக் நிறுவனத்தார் 2017 ஆம் ஆண்டிலே கிராப்ட் என்னும் பெயருடைய விசைப்பலகையொன்றை வெளியிட்டிருந்தனர். அதன் மேல்மூலையிலே திருகத்தக்க குமிழ் ஒன்று உண்டு. படம் வரையும் மென்பொருளிலே தூரிகையின் பருமனை மாற்றுதல் போன்ற தொழில்களுக்கு அக்குமிழ் பயன்படும். பிற மென்பொருள்களை ஆக்குவோர் அக்குமிழைத் தம் ஆக்கங்களோடு இணைத்துக்கொள்ளும் பொருட்டே இச்சேவையகம் திறந்து வைக்கப்பட்டிருந்தது. இதுவே நாம் முன்னர்க் கூறிய பொட்டு. நோக்கம் நல்லதே, காவல்தான் இல்லை.

குறைபாட்டின் இயல்பு

இதனை விளங்கிக்கொள்ளுதற்கு மூன்று செய்திகளை அறிதல் வேண்டும்.

முதலாவது, துறை எண். ஒரு கணினிக்கு வலையமைப்பிலே ஒரு முகவரி உண்டு. அம்முகவரியிலே 0 முதல் 65,535 வரை எண்ணிடப்பட்ட துறைகள் உண்டு. கப்பற்றுறையிலே ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் இறங்குதுறை இருப்பதுபோல, ஒவ்வொரு சேவைக்கும் ஒரு துறை. லொஜிடெக் மென்பொருள் 10134 என்னும் துறையிலே காத்திருந்தது. இனி, கணினி தன்னைத்தானே அழைத்தற்கென ஒரு தனி முகவரி உண்டு. அது 127.0.0.1 என்பது. அம்முகவரிக்குச் செல்லும் செய்தி கணினியை விட்டு வெளியே செல்வதில்லை. ஆகவே, அங்கே வந்து கதவைத் தட்டுபவர் வீட்டினுள் இருப்பவரேயாதல் வேண்டும் என்று மென்பொருள் ஆக்குவோர் பலர் எண்ணிவிடுகின்றனர்.

இரண்டாவது, இணைய உலாவியின் இயல்பு. நாம் ஓர் இணையத்தளத்தைத் திறக்கும்போது, அத்தளத்தார் எழுதிய நிரலொன்று நம் உலாவிக்குள் வந்து, நம் கணினியிலேயே இயங்குகின்றது. அந்நிரலின் ஆசிரியன் எங்கோ ஒரு தேசத்தில் இருக்கலாம். ஆனால், நிரல் தொழிற்படுவது நம் வீட்டினுள்ளே. அது 127.0.0.1 என்னும் முகவரியைத் தட்டுமாயின், வீட்டினுள்ளிருந்தே தட்டியதாகும். மேலே கூறிய எண்ணத்தின் பிழை இங்கேதான் உள்ளது. உள்ளே இருப்பவரெல்லாம் உறவினரல்லர்.

மூன்றாவது, வெப்சொக்கட் என்னும் தொடர்பு முறை. உலாவியும் சேவையகமும் இடைவிடாது உரையாடுதற்கென வகுக்கப்பட்ட இம்முறை 2011 டிசெம்பரிலே நியமமாக வெளியிடப்பட்டது. ஒரு தளத்தின் நிரல் வேறொரு தளத்தின் செய்தியைப் படித்தலாகாது என்பது உலாவிகளின் பொது விதி. ஆனால், வெப்சொக்கட் இணைப்புக்கு அவ்விதி அவ்வாறே பொருந்துவதன்று. அதற்குப் பதிலாக, இணைப்பைக் கேட்கும் நிரல் எத்தளத்திலிருந்து வந்தது என்பதை ஒறிஜின் என்னும் ஒரு குறிப்பிலே உலாவியே எழுதி அனுப்புகின்றது. தளத்தின் நிரல் அக்குறிப்பைத் திருத்தவியலாது. குறிப்பைப் படித்து, வேண்டியவரை அனுமதித்து, வேண்டாதவரை மறுத்தல் சேவையகத்தின் பொறுப்பாகும். வந்தவர் யாரென்று உலாவி கூறிவிடுகின்றது. கேட்டறிந்து கதவைத் திறத்தல் வீட்டுக்காரர் கடமை.

லொஜிடெக் மென்பொருள் அக்குறிப்பைப் படிக்கவில்லை. எத்தளத்திலிருந்து வந்த நிரலாயினும் அதனோடு உரையாடலாம் என்ற நிலையே இருந்தது. ஒரேயொரு தடை மாத்திரம் இருந்தது. இணைப்பைக் கேட்பவர், அப்பயனரது கணினியில் அவ்வேளை இயங்கும் செயன்முறை ஒன்றின் எண்ணைக் கூறுதல் வேண்டும். பாடசாலை வாயிலிலே, “உள்ளே இருக்கும் மாணவன் ஒருவனது சுட்டெண்ணைக் கூறுக” என்று கேட்பதற்கு இஃது ஒப்பாகும். பிழையான எண்ணைக் கூறியவரைக் காவலன் துரத்தினானா? இல்லை, எத்தனை முறையேனும் கூறிப் பார்க்கலாம் என்று நின்றான்.

இத்தடை எத்துணை வலிமையற்றது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். விண்டோஸ் முறைமையிலே செயன்முறை எண்கள் 4 இன் மடங்குகளாகவே அமைகின்றன. எண்கள் 20,000 வரை சென்றிருப்பதாகக் கொள்வோமாயின், கூறிப் பார்க்க வேண்டியவை 5,000 மாத்திரமே. அவற்றுட் பல சரியான விடைகள். ஏனெனில், ஒரு பயனருக்குரிய செயன்முறைகள் ஒரே வேளையிற் பல இயங்கும். மனிதனுக்கு 5,000 முறை கூறுதல் அரிது. கணினிக்கோ கண்ணிமைப் பொழுதே அதிகம். கடவுச்சொல்லுக்குரிய இலக்கணம் இரண்டு: பிறர் அறியாததாதல் வேண்டும், ஊகித்தற்கு அரியதாதல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத எண் கடவுச்சொல் ஆகாது.

உள்ளே புகுந்த நிரல் செய்யத்தக்கது யாது? மென்பொருளின் அமைப்புகளை மாற்றலாம். குமிழின் தொழிலை மாற்றி, வேண்டிய விசைகளை வேண்டியவாறு அழுத்துவிக்கலாம். அஃதாவது, தீய தளமொன்றை ஒருவர் திறந்துவைத்திருக்கும் வேளையிலே, அவர் கை அசையாதிருக்க, அவர் விசைப்பலகை பேசத் தொடங்கும்.

தொண்ணூறு நாளும் இரண்டு நாளும்

ஓர்மண்டி இக்குறைபாட்டினை 2018 செப்டெம்பர் 12 ஆம் தேதி நிறுவனத்துக்கு அறிவித்தார். அதே மாதம் 18 ஆம் தேதி நிறுவனத்தின் பொறியியலாளரைச் சந்தித்து உரையாடினார். குறைபாடு விளங்கிற்று என்றும், ஒறிஜின் குறிப்பைச் சோதித்தல் முதலான திருத்தங்களைச் செய்வதாகவும் அவர்கள் உறுதி கூறினர். ஒக்டோபர் 1 ஆம் தேதி புதிய பதிப்பு வெளிவந்தது. அதிலே அத்திருத்தம் காணப்படவில்லை.

புரொஜெக்ட் சீரோ குழுவினர்க்கு அந்நாளிலே ஒரு நியதி இருந்தது. குறைபாட்டினை அறிவித்த நாளிலிருந்து 90 நாள் வரை மறைபொருளாக வைத்திருந்தனர். அதற்குமேல், திருத்தம் வராவிட்டாலும் உலகுக்கு அறிவித்தனர். செப்டெம்பர் 12 இலிருந்து எண்ணினால் டிசெம்பர் 11 ஆம் தேதி 90 ஆவது நாள். அன்று செய்தி பகிரங்கமாயிற்று. திருத்தம் வரும்வரை அம்மென்பொருளை நிறுத்தி வைக்குமாறு ஓர்மண்டி பயனர்க்கு அறிவுரை கூறினார். டிசெம்பர் 13 ஆம் தேதி, அஃதாவது இரண்டு நாளிலே, குறைபாடு நீங்கிய 7.00 ஆம் பதிப்பை நிறுவனம் வெளியிட்டது.

இவ்வரலாற்றிலே நாம் கவனிக்கத்தக்கது அக்கால இடைவெளியாகும். திருத்தம் ஒன்றினை எழுதுதற்கு மாத்திரமன்றி, அதனாற் பிற தொழில்கள் பழுதாகாமையைச் சோதித்தற்கும் காலம் வேண்டும். ஆதலின், இரண்டு நாளிலே முழு வேலையும் நடந்ததென்று கூறுதல் பொருந்தாது. ஆயினும், மறைவிலே 90 நாளிற் பயனரைச் சென்றடையாத திருத்தம், வெளிச்சம் பட்டபின் இரண்டு நாளிற் சென்றடைந்தது என்பது மறுக்கவொண்ணாத உண்மை. தவணை விதித்தல் முரட்டுத்தனம் என்று சிலர் கருதுவர். தவணை இல்லாவிடின், நல்லெண்ணமுடைய பொறியியலாளர் பலர் இருக்கும் நிறுவனத்திலும் அவசரமான வேலைகள் அவசியமான வேலையைப் பின்தள்ளிவிடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும். பரீட்சைத் தேதி குறிக்கப்படாத பாடத்தை எத்தனை மாணவர் படித்து முடிப்பர் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

பின்னாளிற் கண்ட இரு சான்றுகள்

இத்தகைய குறைபாடு ஒரு நிறுவனத்துக்கே உரியதன்று. 2021 ஓகஸ்ட் மாதத்திலே றேசர் என்னும் நிறுவனத்தின் சுட்டி பற்றிய செய்தியொன்று வெளிவந்தது. அச்சுட்டியை விண்டோஸ் 10 கணினியொன்றிலே இணைத்தால், விண்டோஸ் தானாகவே அந்நிறுவனத்தின் மென்பொருளை இறக்கி, முறைமையின் உச்ச உரிமையோடு நிறுவத் தொடங்கும். எக்கோப்புறையில் நிறுவுவது என்று கேட்கும் சாளரமும் அவ்வுச்ச உரிமையோடேயே திறக்கும். அச்சாளரத்திலிருந்து பவர்ஷெல் என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறந்தால், அதுவும் அவ்வுரிமையைப் பெற்றுவிடும். சாதாரணப் பயனர் ஒருவர் சுட்டியொன்றைச் செருகியே கணினியின் தலைமை உரிமையைக் கைப்பற்றலாம் என்பது இதன் பொருள். இதற்குக் கணினியின் அருகே இருத்தல் வேண்டும். ஆயின், பாடசாலை ஆய்கூடத்திலும் பொது நூலகத்திலும் கணினியின் அருகே இருத்தல் யார்க்கு அரிது?

இதனைக் கண்டவர் முதலில் நிறுவனத்தோடு தொடர்புகொள்ள முயன்றும் மறுமொழி பெறாமையால் பகிரங்கப்படுத்தினார். அதன் பின்னரே நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவினர் அவரைத் தேடி வந்தனர். திருத்தம் ஆயத்தமாகின்றது என்று அறிவித்ததோடு, அவர் முன்னரே வெளியிட்டுவிட்டபோதிலும் வெகுமதி அளிக்கவும் முன்வந்தனர். பின்னே வந்த நற்பண்பு பாராட்டத்தக்கதே. ஆயினும், முதற் கடிதத்துக்கு மறுமொழி கிடைத்திருப்பின், செய்தி திருத்தத்துக்கு முன்னர் உலகெங்கும் பரவியிராது.

மற்றொன்று 2025 ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு, மே மாதத்திலே பகிரங்கமானது. அசூஸ் நிறுவனத்தின் தாய்ப்பலகைகளுக்குரிய டிரைவர்ஹப் என்னும் மென்பொருளும், லொஜிடெக் மென்பொருளைப் போலவே, உள்முகவரியிலே ஒரு துறையைத் திறந்து காத்திருந்தது. இம்முறை ஒறிஜின் குறிப்பு சோதிக்கப்பட்டது. ஆனால், சோதித்த முறையிலே பிழை இருந்தது. நிறுவனத்தின் தளப்பெயர் அக்குறிப்பிலே முழுமையாக ஒத்திருக்கின்றதா என்று பாராது, அப்பெயர் அதில் இடம்பெற்றிருந்தாற் போதும் என்று அனுமதித்தது. வேலுவை மாத்திரம் உள்ளே விடுக என்று பணித்த காவலன், பெயரின் முற்பகுதியைக் கேட்ட அளவிலே வேலுப்பிள்ளையையும் வேலுச்சாமியையும் உள்ளே விட்டமை போன்றது இது. நிறுவனத்தின் தளப்பெயரை முன்னே வைத்துத் தன் பெயரைப் பின்னே ஒட்டி, ஒருவன் ஒரு தளம் அமைத்தாற் போதுமானதாயிற்று.

அம்மென்பொருளுக்கு வேறொரு காவலும் இருந்தது. தன் நிறுவனத்தின் கையொப்பமுடைய நிரலை மாத்திரமே அது இறக்கி இயக்கும். ஆனால், கையொப்பமுடைய நிறுவல் நிரலொன்று, தன் பக்கத்திலே கிடந்த கையொப்பமற்ற குறிப்புக் கோப்பைப் படித்து, அதிலே கூறிய எதனையும் இயக்கிற்று. இரண்டு காவலர் நின்றும் இருவரும் ஏமாந்தனர். எனவே, திருத்தம் செய்தோம் என்று கூறுதல் போதாது. திருத்தத்தையும் திருடனின் கண்கொண்டு சோதித்தல் வேண்டும். அந்நிறுவனம் அறிவித்தலைப் பெற்ற சில நாட்களுள்ளே திருத்தம் செய்ததும் இங்கே கூறத்தக்கதாம்.

மூவர் கடமை

மேற்கூறியவற்றிலிருந்து மூவகையார்க்கும் உரிய கடமைகளை வரையறுக்கலாம்.

குறைபாட்டைக் கண்டவர் முதலில் ஆக்கியோர்க்கே அறிவித்தல் வேண்டும். எப்பதிப்பு, எம்முறைமை, எவ்வாறு செய்தாற் குறைபாடு தோன்றும் என்பவற்றை ஐயத்துக்கு இடமின்றி எழுதி, தேதியைக் குறித்து வைத்தல் வேண்டும். தம் சொந்தக் கணினியிலன்றிப் பிறர் கணினியிலே சோதித்துப் பார்த்தல் எவ்வாற்றானும் தகாது. இலங்கையிலே 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அனுமதியின்றிப் பிறர் கணினியுட் புகுதல் குற்றமாகும். ஆர்வம் மிகுந்த மாணவர் இதனை மறவாதிருப்பாராக. ஆக்கியோர் மறுமொழி தராவிடின் நடுநின்று உதவும் நிலையங்கள் உண்டு. 1988 நவம்பரிலே மொரிஸ் என்னும் புழுநிரல் இணையத்தைத் தாக்கியதன் பின்னர், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலே இத்தகைய முதல் நிலையம் தோன்றியது. நம் நாட்டிலே 2006 ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கை சேர்ட் என்னும் நிலையம் இப்பணியை ஆற்றி வருகின்றது.

ஆக்கியோரின் கடமை, முறைப்பாடு வந்து சேர்தற்கு ஒரு வாயிலை அமைத்தலோடு தொடங்குகின்றது. ஒரு நிறுவனத்தின் தளத்திலே குறிப்பிட்டதோரிடத்தில், பாதுகாப்புக் குறைபாடுகளை யார்க்கு எழுதுவது என்பதைக் கூறும் சிறு கோப்பினை வைத்தற்கு 2022 ஏப்ரலிலே ஒரு பொது நியமம் வெளியிடப்பட்டது. சில வரிகளே உள்ள அக்கோப்பு இருக்குமாயின், எழுத வந்தவர் வாயில் தெரியாது திரும்பிச் செல்லார். கடிதம் வந்ததும் கிடைத்தது என்று எழுதுதல், திருத்தம் வரும் நாளைக் கூறுதல், தாமதமாயின் காரணத்தோடு அறிவித்தல், திருத்தம் வந்தபின் குறைபாடு இன்னது என்று மறையாது உரைத்தல், கண்டவர்க்கு நன்றி கூறுதல் ஆகிய ஐந்தும் முறையாக நிகழுமாயின், குறைபாட்டினால் நிறுவனத்தின் பெயர் கெடுவதில்லை. பிழை செய்யாத பொறியியலாளன் உலகில் இல்லை. பிழையை மறைப்பவன் மீதே ஐயம் எழுகின்றது.

பயன்படுத்துவோர்க்குரிய கடமையை, ஓர் ஆய்கூடத்துக்குப் பொறுப்பான ஆசிரியரையும் வீட்டிலே கணினி வைத்திருப்பவரையும் மனத்திற்கொண்டு, படிமுறையாகத் தருகின்றேன்.

1. கணக்கெடுத்தல். எக்கணினியில் எப்புறச்சாதன மென்பொருள், எப்பதிப்பு நிறுவப்பட்டுள்ளது என்று ஓர் ஏட்டிலே எழுதி வைத்தல் வேண்டும். இருப்பது தெரியாதவர் அதனைக் காத்தல் எங்ஙனம்?

2. வேண்டாதவற்றை நீக்குதல். முன்னர்க் கூறியவாறு, சுட்டியும் விசைப்பலகையும் தம் நிறுவனத்தின் மென்பொருள் இன்றியே தொழிற்படும். விளக்கு நிறம் மாற்றுதற்கன்றி வேறெதற்கும் பயன்படாத மென்பொருள் ஆய்கூடத்துக்கு வேண்டப்படுவதன்று. நிறுவாத மென்பொருளிலே குறைபாடு இல்லை.

3. குறைபாடு பற்றிய செய்தி வந்ததும் நிறுத்துதல். திருத்தம் வரும்வரை அம்மென்பொருள் கணினியோடு சேர்ந்து தானே தொடங்காதவாறு தடுத்தல், அல்லது முற்றாக நீக்குதல் வேண்டும். சுட்டியின் வசதி சில குறையும், வேலை நில்லாது.

4. இற்றைப்படுத்தல். திருத்திய பதிப்பினை ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறல் வேண்டும். செய்தி பரவும் வேளையிலே போலித் திருத்தங்களும் பரவும். இலவசமாகத் தருகின்றோம் என்று கூவும் பிற தளங்களை நம்புதலாகாது.

5. மீள இயக்கிச் சரிபார்த்தல். புதிய பதிப்பை நிறுவியும், பழைய செயன்முறை நினைவகத்திலே இயங்கிக்கொண்டிருக்கலாம். ஆதலின், கணினியை மீள இயக்கி, பதிப்பு எண்ணை மறுமுறை பார்த்தல் வேண்டும். அறிந்தோர், எத்துறைகள் திறந்துள்ளன என்று காட்டும் கட்டளையைக் கொடுத்தும் பார்க்கலாம்.

6. உரிமையைக் குறைத்தல். நாள்தோறும் செய்யும் வேலையை நிர்வாகி உரிமையோடு செய்தலாகாது. மாணவர் கணக்குகள் சாதாரண உரிமையுடையனவாய் இருத்தல் வேண்டும். புதிய சாதனம் செருகப்படும்போது அதன் நிறுவல் நிரல் தானே இயங்குவதைத் தடுக்கும் ஏற்பாடு விண்டோஸ் முறைமையில் உண்டு. பொறுப்பாளர் அதனைப் பயன்படுத்தலாம்.

7. அறிவித்தல். செய்தவற்றைத் தேதியோடு ஏட்டிலே பதிந்து, அதே மென்பொருளைப் பயன்படுத்தும் ஏனையோர்க்கும் கூறுதல் வேண்டும். தன் வீட்டுப் பொட்டினை மாத்திரம் அடைத்துவிட்டு அயலாரை எச்சரியாதிருத்தல் நம்மவர் மரபன்று.

முடிவுரை

இவ்வளவும் ஒரு சுட்டியின் பொருட்டா என்று சிலர் நகைக்கலாம். ஆனால், அச்சுட்டி இணைந்திருக்கும் கணினியிலேதான் மாணவர் பரீட்சைக்கு விண்ணப்பிக்கின்றனர். ஆசிரியர் புள்ளிகளைப் பதிகின்றனர். தூரதேசத்துப் பிள்ளைகள் அனுப்பும் பணத்தின் கணக்கினைப் பெற்றோர் பார்க்கின்றனர். அக்கணினியின் விசைப்பலகை பிறன் கைப்படுமாயின், இழக்கப்படுவது பொத்தானின் வசதியன்று. ஒரு குடும்பத்தின் சேமிப்பும் ஒரு மாணவனின் எதிர்காலமுமாகும். பொருளின் அளவைக் கொண்டு அதன் காவலை அளத்தல் பிழை. அது எதனைத் திறக்க வல்லது என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

இந்நிகழ்ச்சிகள் போதிக்கும் உண்மைகள் இரண்டு. உள்ளே இருந்து வந்த குரல் என்பதனாலேயே அதனை நம்புதலாகாது. யாரென்று கேட்டறிதல் வேண்டும் என்பது ஒன்று. குறை காணப்படுதல் இழுக்கன்று. கண்டபின் காலந்தாழ்த்துதலே இழுக்கு என்பது மற்றொன்று. முதலாவது கணினிக்குரிய பாடம். இரண்டாவது கணினிக்கு மாத்திரம் உரியதன்று. வகுப்பறையிலே, கரும்பலகையில் எழுதிய கணக்கின் பிழையை ஒரு மாணவன் எழுந்து சுட்டிக்காட்டியபோது, அவனைச் சினந்துகொள்ளாது, நன்று என்று கூறி அவ்விடத்திலேயே அழித்துத் திருத்திய ஆசிரியரை நம்முட் பலர் கண்டிருப்போம். அவர்மீது நமக்கிருந்த மதிப்பு அன்று குறைந்ததா, வளர்ந்ததா? மென்பொருள் ஆக்கும் தொழிலிலே இன்று புகுந்திருக்கும் நம் பழைய மாணவரும், நாளை புகவிருக்கும் இளைஞரும், அவ்வாசிரியரின் கையிலிருந்த துடைப்பானை மறவாதிருப்பார்களாக.